உறவுகள் மலையேறி வரும் நாள்: முன்கூட்டியே சமைப்போம், சேர்ந்து சாப்பிடுவோம்



சித்திரை, வைகாசி வந்தால் கீழே வெயில் கொளுத்தும். பழனியிலும் வத்தலக்குண்டிலும் 38 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் கொடைக்கானலில் நடுப்பகலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி வேறு. நாத்தனார், கொழுந்தன், சித்தி பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய உறவு வந்து இறங்கிவிடும். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் திரும்பிப் போன பிறகு நம்மில் பலர் சொல்வது என்ன? "எல்லாரும் திண்ணையில சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் மட்டும் அடுப்படியிலேயே நின்னேன்." வருஷத்துக்கு ஒரு தரம் வருகிற தங்கச்சியோடு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேச முடியவில்லை என்றால் அது நமக்கும் விருந்துதானா?

இன்னொன்றும் உண்டு. மலையில் சீசன்தான் சம்பாத்தியக் காலம். கடை போடுகிறவர், விடுதி வேலைக்குப் போகிறவர், காய்கறி மூட்டை கட்டுகிறவர் யாருக்கும் மே மாதத்தில் இரண்டு நாள் கூலியை விடுவது லேசான காரியம் இல்லை. ஆகவே வேலைக்குப் போய்க்கொண்டே, மாலை நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து முடிக்கிற விருந்து ஒன்றை இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் உட்பட 20 பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

எது தங்கும், எது தங்காது?

இதுதான் பாடத்தின் உயிர். மெனு எழுதும் முன் ஒவ்வொரு பண்டமும் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். நீர் குறைந்தது, புளிப்பும் உப்பும் நிறைந்தது, எண்ணெயில் சுருள வதங்கியது, சர்க்கரை மிகுந்தது தாங்கும். தேங்காய் அரைத்தது, பருப்பு வெந்தது, பால் சேர்ந்தது, வெறும் சோறு தாங்காது.

இதற்குச் சான்று நம் காலடியிலேயே இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு அவ்வளவுதான். விருப்பாச்சி மலைவாழையில் நீர்ச்சத்து குறைவு என்பதால்தான் அது பஞ்சாமிர்தத்துக்குப் பொருந்துகிறது. கெடாமல் இருக்க மருந்து எதுவும் போடாமலே பக்தர்கள் அதை ஊருக்கு எடுத்துப் போகிறார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பாட்டிமார் வழிநடைக்குக் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றிலும் இதே கணக்குதான்.

சோறு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அரிசியில் இருக்கிற ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு வெந்தாலும் சாகாது. வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி விஷத்தை உண்டாக்கும். பிறகு எத்தனை தரம் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. சமைத்த உணவை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "அப்ப பழைய சோறு சாப்பிடுறோமே, அக்கா?" என்று கேட்பீர்கள். ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், அந்தப் புளிப்புதான் காவல். முந்தின ராத்திரி வடித்த சோற்றை மூடி வைத்து மறுநாள் கிளறுவது வேறு. அதைச் செய்யவே வேண்டாம்.

பத்து நாள் முன்னாடியே

முதலில் புளிக்காய்ச்சல். ஒன்றரை கிலோ அரிசிக்குக் கால் கிலோ புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக் கொள்ளுங்கள். 300 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, 20 காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றி மஞ்சள், உப்பு போட்டுக் கொதிக்க விடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும்வரை வற்ற வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் தங்காது. இறக்கும்போது வெந்தயம், மல்லி, எள் வறுத்துப் பொடித்ததைத் தூவி, சிறு துண்டு வெல்லம் சேருங்கள். நிலக்கடலையை இப்போது போடாதீர்கள், நமத்துப் போகும். அன்று காலை வறுத்துப் போட்டால் மொறுமொறுப்பாக இருக்கும். நன்றாக ஆறியபின் ஈரமில்லாத கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் வையுங்கள். ஈரக் கரண்டி போட்டால் பத்து நாள் உழைப்பும் பூஞ்சைக்குத்தான்.

அடுத்து மலைப்பூண்டுத் தொக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் தூக்கல். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்து உறுப்பினர்களுக்கு வீட்டிலேயே இருக்கும். உரித்த பூண்டு அரைக் கிலோவுக்குப் புளி 100 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, மிளகாய்த்தூள், வெந்தயத்தூள், தாராளமாக உப்பு. எண்ணெய் பிரியும்வரை சுண்ட வதக்குங்கள். புளி இல்லாமல் பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது ஆபத்து. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், மணத்திலோ ருசியிலோ தெரியாது.

இனிப்புக்குத் தினைமாவு உருண்டை. அரைக் கிலோ தினையை வாசம் வர வறுத்து அரைத்து, 350 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய் கலந்து, உருக்கிய நெய் ஊற்றிச் சூடாகவே பிடியுங்கள். 30 உருண்டைக்குக் குறையாது.

வத்தல், வடகம், முறுக்கை நாம் செய்ய வேண்டாம். மேகம் இறங்கும் மலையில் வத்தல் காயாது, சித்திரை வெயிலில் கீழேதான் சலசலவென்று காயும். வருகிற உறவுகளிடம் "நீங்க வத்தலும் முறுக்கும் கொண்டாங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். போகும்போது பிளம்ஸ் பழமும் மலைப்பூண்டும் கொடுத்து விடுவோம்.

முந்தின நாள் மாலை

உருளைக்கிழங்கு வறுவலுக்கும் குழம்புக்கும் மசாலாப் பொடி, வெங்காயம், பூண்டு தயார் செய்யுங்கள். தட்டு, தம்ளர், இலை எடுத்து வையுங்கள். பாத்திரம் போதாவிட்டால் குழு உறுப்பினர்களிடம் இரவல் வாங்கலாம். பிளாஸ்டிக் தட்டு, கப் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதைவிட முக்கியம், அது நம் ஓடையில்தான் போய் அடைக்கிறது.

"கறி இல்லாம என்ன விருந்து?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கேட்கட்டும். கறி வேண்டுமானால் அன்று காலையில் வாங்கி அன்றே ஒரு குழம்பு, அதோடு சரி. முந்தின இரவே கறி சமைத்து வைப்பது கூடாது. இருபது பேருக்கு பிரியாணி என்று கிளம்பினால் பாதி நாள் அடுப்படியிலேயே போய்விடும். இதற்காகக் குழுவில் உள்கடன் கேட்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. விதைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அந்தப் பணம் இருக்கட்டும்.

அன்று காலை

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதித்தாலும் சூடு குறைவு. பருப்பும் அரிசியும் வேக நேரமாவது அதனால்தான். அரிசியை அரை மணி ஊறவைத்துக் குக்கரில் வையுங்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலை ஊர்களில் இந்தச் சிரமம் கொஞ்சம் குறைவு.

தயிர்ச்சோற்றை முதலில் முடியுங்கள். ஒரு கிலோ அரிசியைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சிய பால் 2 லிட்டரை வெதுவெதுப்பாக ஊற்றி, ஒரு தம்ளர் தயிர் கலந்து வைத்தால் மதியத்துக்குள் புளிக்காமல் தோய்ந்திருக்கும். குளிரில் மெதுவாகத்தான் தோயும் என்பதால் கீழே போடுவதைவிடத் தயிர் சற்றுக் கூடுதல். புளிச்சோற்றுக்கு வடித்த சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் தெளித்து ஆறவிட்டு, பிறகுதான் புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். ஆவியோடு மூடினால் மூடியில் கோத்த நீர் சொட்டிச் சோறு நசநசக்கும். 10 மணிக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டுக் குளித்துப் புடவை மாற்றிக்கொள்ளலாம்.

வருகிறவர்களுக்கும் நாலு வார்த்தை போனில் சொல்லுங்கள். 2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன்பே விவரம் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். மலைப்பாதை வளைவுகளில் பிள்ளைகளுக்குக் குமட்டும், காலையில் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம். மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மழை இறங்குவது சகஜம். வெளியே பாய் விரிப்பதானால் 12 மணிக்கே பந்தி. சாயங்காலம் கீழே இருந்து வந்தவர்களுக்குப் பல் தந்தியடிக்கும், ஒரு பானை சுக்குமல்லிக் காப்பி தயாராக இருக்கட்டும்.

மிஞ்சினால்? புளிக்காய்ச்சல், தொக்கு, உருண்டை தங்கும், பங்கு போட்டுக் கொடுக்கலாம். கலந்த சோற்றையும் கறிக்குழம்பையும் கீழே போகிற வண்டியில் கட்டிக் கொடுக்காதீர்கள். இங்கே கெடாத சோறு வத்தலக்குண்டு வெயிலில் கெட்டுவிடும். பக்கத்து வீட்டுக்கு அப்போதே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் பத்து நாள் தங்குகிற பண்டம் ஒன்றின் பெயரையும் செய்முறையையும் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுத வராதவர் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்ளலாம்.