சிசுக்களின் தோலில் தோன்றும் காளான் நோய்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் கடும் வெப்பம் குறைவாயினும், ஜூன் முதல் அக்டோபர் வரையுள்ள மழைக்காலத்தில் சிசுக்களுக்குக் கட்டும் துணிகள் எளிதில் உலர்வதில்லை. ஈரமான தோல் ‘காண்டிடா’ என்னும் காளான் வளர ஏற்ற இடமாகும். இக்காளான் மனிதரின் வாயிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்கிறது. பிறக்கும்பொழுது தாயிடமிருந்து சிசுவை அடைவதும் உண்டு.

சிறுநீரும் மலமும் உறுத்துவதால் தோன்றும் சிவப்பு, துணி படும் இடங்களில் காணப்படும்; தொடை மடிப்புகளின் உட்புறம் பெரும்பாலும் தப்பிவிடும். காளான் நோயிலோ மடிப்புகளே செக்கச் செவேலெனச் சிவக்கும். சுற்றிலும் சிறு பருக்கள் சிதறி நிற்கும். வாயினுள் எளிதில் துடைத்தெடுக்க இயலாத வெண்படலம் உளதா எனவும் பார்த்தல் வேண்டும்.

எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து பெற்று 1950-இல் அறிவித்த ‘நிஸ்டாடின்’ இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்று.

கடைகளில் கிடைக்கும் களிம்புகள் சிலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது சிவப்பைச் சின்னாள் மறைக்கும். காளானோ மேலும் பரவும். அன்றியும், சிசுவின் தோல் வழியே அம்மருந்து உடலினுள் சேரக்கூடும். ஆகவே மருத்துவர் கூறாத களிம்பைத் தடவலாகாது எனத் தாய்மார்க்கு எடுத்துரைக்க வேண்டும்.

நனைந்த துணியை உடனே மாற்றுதலும், நீரால் கழுவி ஒற்றியெடுத்துச் சிறிது நேரம் காற்றாட விடுதலும் நன்று. குறைமாதத்தில் பிறந்த சிசுக்களிடம் காளான் இரத்தத்தில் கலக்கும் அபாயம் உண்டு. அத்தகைய சிசு சோர்ந்து பால் குடிக்க மறுப்பின், தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும்.