போர்டிலிருந்து பின்னோக்கி

அன்புள்ள தம்பிக்கு,

உன் மடல் கிடைத்தது. ஜெட்சன் நானோவுக்காக யோக்டோவில் லினக்ஸ் கட்டும்போது எல்லாம் ஒழுங்காகக் கம்பைல் ஆகி, குடா நிரல் மட்டும் ‘இந்த ஜிசிசி பதிப்புக்கு ஆதரவில்லை’ என்று நின்றுவிடுகிறது என்கிறாய். ஹெடர் கோப்பில் உள்ள அந்தச் சோதனை வரியை அழித்துவிட்டால் போதும் என்று நண்பர் சொன்னாராம். அழிக்காதே. அந்த வரி உன் நேரத்தைக் காப்பாற்றுகிறது.

குடா நிரலைக் கம்பைல் செய்யும் என்விசிசி, தன்னந்தனியாக வேலை செய்யும் கம்பைலர் இல்லை. ஜிபியுவில் ஓட வேண்டிய பகுதியை என்விடியாவின் கருவிகள் முதலில் பிடிஎக்ஸ் என்ற இடைநிலை வடிவத்துக்கும், பிறகு சிப்பின் கட்டளைகளுக்கும் மாற்றுகின்றன. சிபியுவில் ஓட வேண்டிய மிச்சத்தை அது ஜிசிசியிடம் ஒப்படைத்துவிடுகிறது. உன் விஷயத்தில் அந்த ஜிசிசி, ஆர்ம் 64 பிட்டுக்கான கிராஸ் கம்பைலர். உன் மேசைக் கணினியில் இருக்கும் ஜிசிசி அல்ல.

ஆனால் எது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிரிக்க, கோப்பு முழுவதையும் என்விடியாவின் கருவி முதலில் படித்தாக வேண்டும். நீ சேர்த்த வெக்டர் ஹெடரும் அதில் அடக்கம். அந்த ஹெடர் ஜிசிசியோடு வருவது. ஜிசிசிக்கு மட்டுமே தெரிந்த உள்கட்டளைகள் அதில் நிறைய உண்டு. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அவை கூடுகின்றன. குடா 10.2 வந்தது 2019 நவம்பரில். அது ஏற்பது ஜிசிசி 8 வரைதான். அதற்குப் பின் எழுதப்பட்ட ஹெடர்களை அது புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உபுண்டு 22.04-இல் குடா 11.5-ஐயும் ஜிசிசி 11-ஐயும் சேர்த்துப் பயன்படுத்தியவர்கள், தாங்கள் தொட்டே பார்க்காத ‘எஸ்டிடி ஃபங்ஷன்’ ஹெடருக்குள் பிழை வருவதைக் கண்டு திகைத்தது இதனால்தான். சோதனை வரியை அழித்தால் தெளிவான ஒரு பிழைக்குப் பதில் இப்படிப்பட்ட பிழை கிடைக்கும். அதைவிட மோசம், பிழையே வராமல் கம்பைல் ஆகி, போர்டில் ஓடும்போது தவறாக நடப்பது.

அப்படியானால் புதிய குடாவுக்கு மாறிவிடலாமே என்பாய். நானோவில் முடியாது. ஜெட்சன் போர்டுகளுக்கு என்விடியா தரும் மென்பொருள் தொகுப்பான ஜெட்பேக்கில், 4.6 வரிசையோடு நானோவுக்கான ஆதரவு நின்றுவிட்டது; அதில் இருப்பது குடா 10.2, கர்னல் 4.9. குடா 11.4 வரும் ஜெட்பேக் 5, சேவியர், ஓரின் போர்டுகளுக்கு மட்டும். அதனால் போர்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வா: போர்டு ஜெட்பேக்கை முடிவு செய்கிறது, ஜெட்பேக் குடாவை, குடா ஜிசிசியின் உச்சவரம்பை. யோக்டோ வெளியீட்டைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. பலர் அதை முதலில் செய்துவிட்டு அல்லல்படுகிறார்கள்.

நீ எடுத்திருக்கும் டன்ஃபெல், 2020 ஏப்ரல் வெளியீடு. அதன் இயல்பான கம்பைலர் ஜிசிசி 9. வரம்புக்கு ஒரே ஒரு படி மேலே. இரண்டு வழிகள் உண்டு. யோக்டோவில் ஜெட்சனுக்கான மெட்டா-டெக்ரா லேயரின் துணையோடு முழு இமேஜையும் ஜிசிசி 8-இல் கட்டலாம். அல்லது என்விசிசிக்கு மட்டும் ஜிசிசி 8-ஐக் காட்டிவிட்டு மற்றதைப் புதியதில் விடலாம். என்னைக் கேட்டால், சிறிய இமேஜ் என்றால் முதல் வழி. எல்லாம் ஒரே கம்பைலரில் பிறந்தவை என்ற நிம்மதி பெரிது. ஜிசிசி 7-க்கு இறங்காதே. மேக்ரோக்களில் உள்ள கோப்புப் பாதைகளை மாற்ற யோக்டோ அனுப்பும் ஒரு தெரிவு ஜிசிசி 8-இல்தான் வந்தது. 7-க்கு அது தெரியாது, அதை நீக்கும் வேலை தனியாக வந்து சேரும்.

இரண்டாம் வழியில் போனால் லிங்க் செய்யும் இடத்தில் கவனம் தேவை. சி++ லைப்ரரியின் ஷேர்டு கோப்பு பழைய ஜிசிசியின் ஆப்ஜெக்டுகளை ஏற்கும்படி பேணப்படுகிறது. புதிய ஆப்ஜெக்டுகளைப் பழைய லைப்ரரியோடு சேர்க்க அந்த உறுதி இல்லை. ஆர்மில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஜிசிசி 10 முதல், அணுச்செயல்களை (அட்டாமிக்) நேரடிக் கட்டளையாக எழுதாமல் ஒரு துணைச் சார்பை அழைப்பது இயல்பாகிவிட்டது. சிபியுவில் புதிய அணுக்கட்டளைகள் இருக்கின்றனவா என்று அந்தச் சார்பு ஓடும்போது பார்த்துக்கொள்கிறது. நானோவின் கார்டெக்ஸ் ஏ57-இல் அவை இல்லை. அந்தச் சார்புகள் இருப்பது ஜிசிசி 10-இன் லிப்ஜிசிசியில். ஜிசிசி 10 அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலரில் கட்டிய ஸ்டாட்டிக் லைப்ரரியை என்விசிசி வழியாக ஜிசிசி 8 லிங்க் செய்தால், ‘ஏஆர்ச்64’ என்று தொடங்கும் பெயர்கள் கிடைக்கவில்லை என்று புலம்பும். கடைசி லிங்கைப் புதிய கம்பைலரிடம் கொடு. இல்லையென்றால் அந்த லைப்ரரியைக் கட்டும்போது ‘அவுட்லைன் அட்டாமிக்ஸ்’ தெரிவை அணைத்துவிடு.

மேசைக் கணினியின் ஜிசிசியும் சும்மா இருக்காது. அது 10 அல்லது அதற்கு மேல் என்றால், பழைய கர்னலோடு வரும் டிவைஸ் ட்ரீ கம்பைலர் ‘ஒய்ஒய்லாக்’ இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று லிங்கில் விழும். குடாவுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை; பொதுமாறிகளை ஜிசிசி 10 கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கியதன் விளைவு. இதற்கான சிறு பேட்ச் மேல்நிலைக் கர்னலில் இருக்கிறது, எடுத்துச் சேர்த்துக்கொள்.

நிரலைக் கட்ட சிமேக் பயன்படுத்துகிறாய் என்றால், கம்பைலரை மாற்றியபின் அதன் பழைய கேஷை அழித்துவிட்டுத் தொடங்கு. மறுபடி நின்றால், பிழையின் கடைசி வரியை மட்டும் அனுப்பாதே. என்விசிசியை ‘வெர்போஸ்’ தெரிவோடு ஓட்டி, அது எந்தப் பாதையிலிருந்து எந்த ஜிசிசியை அழைத்தது என்பதை முழுதாக அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்