ஷிப்டைச் சொல்லுங்கள், எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மேல் ஷிப்டு வேலைக்காரர்கள்தான். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து என்று வாரத்துக்கு வாரம் தூக்கமும் சாப்பாடும் இடம் மாறும். எனக்கு வினாடி வினா நிகழ்ச்சி என்றாலும் உயிர், அறிவியல் புனைகதைத் தொடர் என்றாலும் உயிர். “ரெண்டுல எதைண்ணா பார்க்கலாம்?” என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “இந்த வாரம் உனக்கு என்ன ஷிப்டு?”

ஃபர்ஸ்ட் ஷிப்டு என்றால் வினாடி வினா. ராத்திரி எட்டு மணிக்கு வீடு நிறைந்திருக்கும். மீன் குழம்பு கொதிக்கும், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும், பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்காருவார். தண்ணீர் லாரி வந்தால் எழுந்து ஓடிக் குடத்தை நிரப்பிவிட்டு வந்து, அடுத்த கேள்வியில் சேர்ந்துகொள்ளலாம். சத்தத்துக்கு நடுவே பார்க்கவென்றே பிறந்த வடிவம் அது.

2000-ல் சன் டிவியில் சரத்குமார் ‘கோடீஸ்வரன்’ நடத்தியபோது நான் பள்ளிச் சிறுவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எங்கள் அத்தை, கோயில், சினிமா, சமையல் பற்றிய கேள்விகளில் எங்கள் எல்லாரையும் முந்திப் பதில் சொல்வார். அந்த வீட்டில் அத்தைக்கு அறிவாளி என்ற பெயர் வந்தது அப்போதுதான். பிறகு விஜய் டிவியில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ வந்தது. 2012-ல் சூர்யா, அடுத்த ஆண்டு பிரகாஷ்ராஜ், 2016-ல் அரவிந்த்சாமி. மூவரில் என் ஓட்டு பிரகாஷ்ராஜுக்கு. எதிரில் உட்கார்ந்திருப்பவரை அவர் பேசவிட்டார்.

ஆனால் பழைய நிகழ்ச்சிகளில் ஒன்றைத்தான் தேடிப் பார்க்க முடியும் என்றால் ‘கோடீஸ்வரி’யைப் பாருங்கள். கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்தியது. போட்டியாளர்கள் எல்லாரும் பெண்கள். காது கேளாத, வாய் பேச இயலாத மதுரை கௌசல்யா கார்த்திகா, 2020 ஜனவரியில் அதில் ஒரு கோடி ரூபாய் வென்றார். வழக்கமாகக் கத்திக் கூச்சல் போடும் எங்கள் வீடு அன்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தது.

நல்ல வினாடி வினாவை எப்படி அடையாளம் காண்பது? கேள்வியைக் கவனியுங்கள். “தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் எந்த ஆண்டு ஓடியது?” என்பது மனப்பாடம். 1856 என்று தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “வாலாஜா ரோடு வரை போன அந்த ரயில் புறப்பட்ட நிலையம் இன்றும் நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் மீன்பிடித் துறைமுகம். எது?” காசிமேட்டில் வலை பின்னுகிறவர்கூட யோசித்து, ராயபுரம் என்று கண்டுபிடித்துவிடுவார். யோசித்து எட்டக்கூடிய கேள்விகள் உள்ள நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். பரிசுத்தொகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

நைட் ஷிப்டு வாரத்தில் நீளமான தொடர் எதையும் தொடங்க வேண்டாம். பகலில் அரைத்தூக்கத்தில் பார்த்தால் கதை தங்காது. ஜெர்மன் தொடரான ‘டார்க்’ மூன்று சீசன், 26 எபிசோடு; அணுமின் நிலையம் உள்ள ஊரில் நான்கு குடும்பங்கள், காலம் முன்னும் பின்னும் புரளும். புகைபோக்கிகளைப் பார்த்து வளர்ந்த எண்ணூர்க்காரர்களுக்கு அந்த ஊர் அந்நியமாகவே தெரியாது. ஆனாலும் அதை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். இந்த வாரத்துக்கு, ஒரே எபிசோடில் கதை முடியும் பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ போதும். ‘பிளாக் மிரர்’ தொடரிலும் ஒவ்வொரு கதையும் தனிதான். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் வேண்டாம்.

செகண்ட் ஷிப்டுதான் விண்வெளிக்கு ஏற்றது. பதினொரு மணிக்கு வீடு திரும்பினால் எல்லாரும் தூங்கியிருப்பார்கள். காதில் ஹெட்போன், கையில் சோற்றுத் தட்டு, முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நேரத்துக்கு நான் கொடுப்பது ‘தி எக்ஸ்பான்ஸ்’: 2015 முதல் 2022 வரை ஆறு சீசன், 62 எபிசோடு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள சிறுகோள் பட்டையில் வேலை செய்கிறவர்களின் கதை. அவர்கள் ஏற்றி இறக்கும் சரக்கில் பூமியும் செவ்வாயும் வாழும். அவர்களுக்கோ தண்ணீரும் காற்றும் அளந்துதான் கிடைக்கும். சனிக் கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றி வரும் கப்பலில்தான் கதையே பிடிக்கிறது. லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அப்பா ஹார்பரில் சிக்னல்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் தூக்கம் வராமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்குப் பிடிபடவில்லை. பட்டைக்காரர்கள் பேசும்போது கையை வீசி வீசிக் காட்டுவதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தவர், “கப்பல்ல கிரேன்காரனுக்கு நாங்க கை காட்டுவோமே, அது மாதிரி இருக்குதுடா” என்றார். அந்தக் கை அசைவுகள் விண்வெளி உடைக்குள் இருந்தபடி பேச வேண்டிய தேவையிலிருந்து வந்த பழக்கம் என்று சொன்னேன். அதன்பிறகு பல இரவுகள் அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. இப்போது நாவலைப் படிப்பதுதான் சுலபம். ஜீனோ என்ற இயந்திர நாய்க்காகவே படிக்கலாம். அதைப் படித்த பிள்ளையை வேறு எந்த அறிவியல் தொடருக்கு முன்னும் தைரியமாக உட்கார வைக்கலாம்.

அடுத்த வாரம் உங்களுக்கு செகண்ட் ஷிப்டு என்றால், திங்கட்கிழமை இரவு ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடங்குங்கள். முதல் மூன்று எபிசோடில் ஆட்களும் பெயர்களும் குழப்பும். நான்காவதைப் பார்க்காமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.