கணிப்பொறித் துப்புரவு மென்பொருள்: நன்மையா, தீமையா?

வீட்டுக் கணிப்பொறி மந்தமடைந்ததும், தானே துப்புரவு செய்யும் மென்பொருளை நிறுவலாமா என்று அங்கத்தினர் வினவக்கூடும். தற்காலிகக் கோப்புகளை நீக்கினால் இடம் மிகும்; அது நன்மையே. ஆயினும் விண்டோஸிலேயே அதற்கு வசதி உண்டு.

நிரல்களின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டைத் திருத்துவதோ வேறு. பேரேட்டில் பழைய வரிகளை அழித்தால் கணக்கு விரைவதில்லை; வேண்டிய வரி அழிந்தால் கணக்கே பிழைபடும். இத்தகைய பதிவேட்டுத் துப்புரவு மென்பொருள்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆதரிப்பதில்லை.

மேலும், 2017-ஆம் ஆண்டில், சிகிளீனர் என்னும் பெயர்பெற்ற துப்புரவு மென்பொருளின் ஒரு பதிப்பிலேயே தீய நிரல் புகுத்தப்பட்டது. அப்பதிப்பு ஏறத்தாழ 22.7 இலட்சம் பேரைச் சென்றடைந்தது.

ஆகவே, கணக்குகளுக்கும் நெசவு மாதிரிகளுக்கும் முதலில் நகல் எடுத்துவைத்து, கணிப்பொறியில் உள்ள வசதியையே பயன்படுத்துவீர்களாக.