நடைபாதை நடப்பதற்கே

சாலை ஓரத்தில் சற்று உயரமாகக் கட்டியிருப்பது நடைபாதை. பிளாட்பாரம் என்றும் சொல்கிறோம். வண்டிகளுக்குச் சாலை. நடப்பவர்களுக்கு நடைபாதை. இதைக் கட்டியது நம் வரிப்பணத்தில்.

இப்போது பல நகரங்களில் நடைபாதை மேல் ஒரு புதுப் பொருள் வந்திருக்கிறது. ஆள் உயரத்திற்கு மேல் ஒரு பெட்டி. அதில் டி.வி. போலப் படம் ஓடுகிறது. நகை, செல்போன், வீட்டுமனை என்று மாறி மாறி விளம்பரம் வருகிறது. இதுதான் டிஜிட்டல் விளம்பரப் பலகை.

"பார்க்க அழகாகத்தானே இருக்கிறது? இதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கலாம். யோசித்துப் பார்ப்போம்.

யாருக்குத் துன்பம்?

கண் தெரியாதவர் கோலைத் தட்டிக்கொண்டு வருகிறார். வழியில் பெட்டி நிற்கிறது. எங்கே போவார்? சக்கர நாற்காலியில் வருபவர் எப்படித் திரும்புவார்? பாட்டி ஒருவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து வருகிறார். இடம் போதாமல் சாலையில் இறங்குகிறார். பின்னால் பஸ் வருகிறது.

2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து சென்றவர். நடைபாதையில் தடை இருந்தால் உயிருக்கே ஆபத்து.

வண்டி ஓட்டுபவருக்கும் இதனால் தொல்லை. படம் மாறினால் கண் தானாக அங்கே போகும். ஒரு நொடி போதும், விபத்து நடக்க. இரவில் பளிச்சென்ற வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். எதிர்வீட்டில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடும். மின்சாரமும் வீணாகும்.

நடந்தவை இரண்டு

2019 செப்டம்பர் மாதம். சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று, ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் மேல் விழுந்தது. அவர் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி இறந்துபோனார்.

2024 மே 13. மும்பை காட்கோபரில் காற்றும் மழையும் அடித்தன. பெரிய விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மேல் சாய்ந்தது. 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையோ 120 அடிக்கு 120 அடி.

இவை இரண்டும் டிஜிட்டல் பலகைகள் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பொது இடத்தில் விளம்பரம் வைக்கும்போது விதியை மீறினால், பறிபோவது வழியில் போகிறவர் உயிர்.

சட்டம் என்ன சொல்கிறது?

நடப்பதற்கு மட்டும் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும். இது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்.

1997-இல் உச்சநீதிமன்றம் டெல்லியில் போக்குவரத்துக்கு ஆபத்தான சாலையோர விளம்பரப் பலகைகளை அகற்ற ஆணையிட்டது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-இல் வழக்குப் போட்டார். அந்த வழக்கில் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. தடையில்லாத நடைபாதை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் சேர்ந்தது.

ஒரு பேச்சு

"விளம்பரத்தால் மாநகராட்சிக்கு வருமானம் வருகிறதே தம்பி?" என்று பூ விற்கும் அம்மா கேட்டார்.

"வரட்டும் அம்மா. சுவரில் வைக்கட்டும், நடப்பவர் வழியில் வேண்டாம்" என்றார் தொண்டர்.

"அதுவும் சரிதான். என் கூடை இரண்டடி இடம் பிடித்தால் எடு எடு என்கிறார்கள். இந்தப் பெட்டியை மட்டும் யாரும் கேட்பதில்லை."

"உங்களுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது அம்மா. தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் சட்டம். நீங்கள் பிழைப்புக்காக உட்காருகிறீர்கள். நடப்பவருக்கு வழிவிட்டு உட்கார்ந்தால் இருவருக்கும் இடம் உண்டு."

பிரேசில் நாட்டில் சாவோ பாலோ என்ற பெரிய நகரம் இருக்கிறது. 2007-இல் அங்கே வெளியிட விளம்பரங்களைத் தடை செய்தார்கள். சுமார் 15,000 பலகைகள் இறங்கின. மனம் வைத்தால் முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

1. பலகை நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நடக்க மீதி எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனுக் கொடுத்து, அனுமதி தந்தது யார், எத்தனை ஆண்டுக்கு, வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. தெருவார் சேர்ந்து கையெழுத்திட்டு மனுக் கொடுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், மாநகராட்சி.

ஐயா, எங்கள் தெரு நடைபாதையில் டிஜிட்டல் விளம்பரப் பலகை வைத்துள்ளார்கள். நடக்க மூன்று அடி இடம்தான் உள்ளது. முதியோரும் குழந்தைகளும் சாலையில் இறங்கி நடக்கிறார்கள். விபத்து நடக்கும் முன் பலகையை அகற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு, தெரு மக்கள்.

பயிற்சி

1. நடப்பதற்கு எத்தனை அடி அகலம் வேண்டும்?
2. வாழும் உரிமை தரும் பிரிவு எது?
3. உங்கள் தெரு நடைபாதையில் உள்ள தடைகளை எழுதுங்கள்.
4. மேலே உள்ள மனுவை உங்கள் தெருவின் பெயரோடும், நீங்கள் அளந்த அளவோடும் எழுதிப் பாருங்கள். வகுப்பில் எல்லோரும் கேட்கப் படித்துக் காட்டுங்கள்.