ஸ்லோகம் சொல்லும் வாண்டு, 'தண்ணி' கேட்கிறதா?

விருந்தாளி வந்து உட்கார்ந்ததும் காபிக்கு முன்னால் நடக்கும் முதல் நிகழ்ச்சி என்ன? ''கண்ணா, மாமாவுக்கு அந்த ஸ்லோகம் சொல்லிக் காட்டு!'' இரண்டு வயசு வாண்டு கைகூப்பிக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்கும். வீடே பூரித்துப் போகும். பூரிக்கட்டும், தப்பில்லை. ஆனால், அதே குழந்தை தாகம் எடுத்தால் என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? 'அம்மா, தண்ணி' என்று கேட்கிறதா... இல்லை, பேசாமல் உங்கள் கையைப் பிடித்துப் பானை பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா?

ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. சுக்லாம்பரதரம் ஸ்லோகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்துக்கு 8 அட்சரம், நாலு பாதம், மொத்தம் 32. இப்படிச் சம அளவில் தாளம் போட்டு வரும் எதையும் குழந்தையின் காது சட்டென்று பிடித்துக்கொள்ளும். அர்த்தமே வேண்டாம். டி.வி. விளம்பரப் பாட்டை அது பாடுவதும் இதே கணக்கில்தான்!

அதனால் சொல்லித்தரவே கூடாதா? தாராளமாகச் சொல்லித்தரலாம். வில்லியனூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. திருக்காமீஸ்வரர் கோயிலில் அம்மன் பெயர் கோகிலாம்பாள். கோகிலம் என்றால் சமஸ்கிருதத்தில் குயில். காலையில் குயில் கூவும்போது, ''அதோ கோகிலம் கூவுது பார்'' என்று காட்டுங்கள். சத்தம், பறவை, வார்த்தை மூன்றும் ஒன்றாக மனசில் உட்காரும். சுக்லாம்பரதரத்துக்கும் அப்படியே. வெள்ளைத் துணி, நிலா நிறம், நாலு கை, சிரித்த முகம் என்று படத்தில் தொட்டுக் காட்டலாம். விளக்கேற்றும் நேரத்தில் மடியில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாதம் போதும். நம் பெரியவர்களே வேதம் ஓத ஏழு, எட்டு வயசில் உபநயனம் ஆகட்டும் என்றுதானே காத்திருந்தார்கள்? நமக்கு மட்டும் என்ன அவசரம்!

உச்சரிப்பைத் திருத்தித் திருத்தி அழ வைக்காதீர்கள். ர, ஷ, ஸ எல்லாம் நாக்கில் சரியாக வர நாலு, அஞ்சு வயசுகூட ஆகலாம். நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். அந்த வேலையை செல்போனிடம் ஒப்படைப்பதும் வேண்டாம். இரண்டு வயசு வரை திரையே கூடாது, அதன்பின் ஐந்து வயசு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021-ல் சொன்ன யோசனை.

பூஜை அறை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கற்பூரத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள். கற்கண்டு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டால், கொஞ்சமே போனாலும் வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று வீட்டில் மெனக்கெடாமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி முக்கியமான சமாச்சாரம். ஒரு வயசில் குழந்தை பெயர் சொன்னால் திரும்ப வேண்டும், விரல் நீட்டிக் காட்ட வேண்டும். 16 மாதத்தில் ஒரு வார்த்தையாவது வர வேண்டும். 24 மாதத்தில் இரண்டு வார்த்தையைத் தானாகச் சேர்த்துப் பேச வேண்டும். நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. வில்லியனூர்த் தேரில் கவர்னர் வடம் பிடிப்பதை (பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம் இது) அப்பா தோளில் உட்கார்ந்து பார்க்கிற வாண்டு, கை நீட்டி, ''அப்பா, தேரு!'' என்றால், அந்த இரண்டு வார்த்தைதான் டாக்டருக்கு 32 அட்சரத்தைவிடப் பெரிசு.

அது வரவில்லையா? ''ஸ்லோகமே சொல்றான், பேச்சு வராமலா போயிடும்? அவங்கப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்'' என்று பாட்டி சமாதானம் சொல்வார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். காது மந்தமாக இருக்கலாம், பேச்சு தாமதமாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். பரிசோதித்தால்தான் தெரியும். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் பலன் அதிகம். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைத்துவிட்டால், எந்த வயசானாலும் காத்திருக்காதீர்கள்.

எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ்காந்தி அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரும் இருக்கிறது. போகும்முன் ஒரு வாரம், குழந்தை தானாகச் சொன்ன வார்த்தைகளை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்லோகத்தை அதில் எழுத வேண்டாம்.