இரசாயனக் கழிவும் மீன் வித்தும்: எண்ணூர்க் கழிமுகம் அளிக்கும் பாடம்

வயலில் விதைத்த நெல் முளையாவிடில் குடியானவர் அதனை ஒரு வாரத்திற்குள் அறிந்துகொள்வர். நீரில் இட்ட மீன் முட்டை பொரியாவிடில் அதனை அறியப் பல ஆண்டுகள் செல்லும். முதிர்ந்த மீன்கள் வழக்கம்போல் நீந்தும், வலையிலும் விழும். அவற்றிற்குப் பின் வரவேண்டிய இளமீன்கள் குறைந்துவிட்டமை பிறகே புலப்படும். ஆதலின், மீன்கள் செத்து மிதக்கவில்லை என்பதைக் கொண்டு நீர் கெடவில்லை என்று முடிவு செய்தல் பெருந்தவறாகும்.

எண்ணூரின் நிலைமை

பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து பாயும் கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாயுடன் கலந்து, எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. கடலில் பொரித்த மடவை, கொடுவா, இறால் முதலியவற்றின் குஞ்சுகள் இத்தகைய கழிமுகங்களினுள் நுழைந்து வளர்கின்றன. வயலுக்கு நாற்றங்கால் எவ்வாறோ, கடல் மீனுக்குக் கழிமுகம் அவ்வாறே ஆகும்.

இந்நாற்றங்காலின் கரையில் அனல்மின் நிலையங்களும், அருகே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உரம் முதலிய தொழிற்சாலைகளும் அமைந்துள்ளன. வடசென்னை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை நீரில் கரைத்துச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்திற்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, ஆற்றிலும் கழியிலும் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரி 28ஆம் நாள் காமராஜர் துறைமுகத்திற்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்துடன் வந்த எண்ணெய் கழிமுகத்தினுள்ளேயே பரவிற்று.

கேடு விளையும் வழிகள்

முதலாவது, வளர்ச்சிக் குறைவு. நுண்ணிய சாம்பல் செவுள்களை உறுத்தி மூச்சைத் தடுக்கிறது. உடலிற் புகுந்த நஞ்சை வெளியேற்றுவதற்கு மீன் தான் உண்ட இரையின் சத்தைச் செலவழிக்க நேரிடுகிறது. வளர்ச்சி குன்றிய பெண்மீன் இடும் முட்டைகளும் குறைவேயாகும். கொடுவா மீன் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும் இயல்புடையது. அது நெடுநாள் உயிர்வாழாவிடில், முட்டையிடும் தாய்மீன்களே அருகிப்போகும்.

இரண்டாவது, முட்டையின் வழியே நஞ்சு சேர்தல். அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்திலுள்ள பெலூஸ் ஏரியில் 1974 முதல் 1985 வரை ஓர் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்து நீர் விடப்பட்டது. அந்நீரிலிருந்த செலினியம் என்னும் தாது, ஏரி நீரில் லிட்டருக்குச் சுமார் 10 மைக்ரோகிராம் அளவே இருந்தது. ஆயினும் அது இரையின் வழியாய்த் தாய்மீனையும், அதன் மஞ்சட்கருவின் வழியாய்க் குஞ்சையும் அடைந்தது. வெளிப்பார்வைக்கு நலமாயிருந்த மீன்களின் குஞ்சுகள் முதுகெலும்பு வளைந்து பிறந்து மடிந்தன. ஏரியிலிருந்த 20 மீனினங்களுள் 19 அற்றுப்போயின. நிலக்கரிக்கு நிலக்கரி இத்தாதுவின் அளவு மாறுமாயினும், சாம்பல் நீரை வெறும் கலங்கல் நீராய்க் கருதலாகாது என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, எண்ணெயினால் கருவுக்கு நேரும் ஊனம். 1989இல் அலாஸ்காக் கடலில் ஒரு கப்பலின் எண்ணெய் கொட்டியபின், சால்மன் மீனின் முட்டைகளை மிகச் சிறிதளவு எண்ணெய்க் கசிவுள்ள நீரில் வைத்துச் சோதித்தனர். குறையின்றித் தோன்றிய குஞ்சுகளையே அடையாளமிட்டுக் கடலில் விட்டும், முதிர்ந்து திரும்பியவை தூய நீரில் பொரித்தவற்றினும் குறைவாயிருந்தன.

நான்காவது, உடற்சுரப்பு கெடுதல். பெண்மைச் சுரப்பின் தூண்டுதலாலேயே மீனின் ஈரல் மஞ்சட்கருப் பொருளை உண்டாக்குகிறது. சில பூச்சிமருந்துகளும் சாக்கடை நீரிலுள்ள சில பொருள்களும் இச்சுரப்பைப் போல நடித்தோ, தடுத்தோ இவ்வொழுங்கைக் குலைக்கின்றன. கனடாவில் ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையிலுள்ள சுரப்பு மருந்தை இம்மியளவு கலந்து பார்த்ததில், ஆண்மீன்களும் மஞ்சட்கருப் பொருளை உண்டாக்கின. ஒரு சிறுமீனினம் அவ்வேரியில் அழியும் நிலையை எட்டிற்று. மருந்து நிறுத்தப்பட்டபின் சில ஆண்டுகளில் அவ்வினம் மீண்டது. பெலூஸ் ஏரியிலோ, சேற்றிற் படிந்த செலினியத்தின் தீமை கழிவு நின்ற பத்தாண்டுகளுக்குப் பின்னும் முற்றும் நீங்கவில்லை. ஆகவே கழிவை நிறுத்துவதோடு அமையாது, படிந்த சாம்பலை அகற்றுதலும் வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள விவசாயிகள், மழை வரும் அறிகுறி இருக்கையில் பூச்சிமருந்து தெளித்தல் கூடாது. தெளித்த வயலின் நீரைச் சில நாட்கள் வடியவிடாது நிறுத்துக. தெளிப்பானையும் மருந்துக் குப்பிகளையும் வாய்க்காலில் கழுவற்க. தொழிற்சாலையைக் குறைகூறும் உரிமை, தம் வாய்க்காலைச் சுத்தமாய் வைத்திருப்போர்க்கே முழுமையாய் உண்டு.

2. கிராம அதிகாரிகள் செத்த மீனை மட்டும் கணக்கிடாது, பருவந்தோறும் குஞ்சுகள் வருகின்றனவா என்பதை மீனவரிடமும், கையால் இறால் பிடிக்கும் இருளரிடமும் கேட்டுக் குறித்துவருக. முன்னைய ஆண்டுகளின் குறிப்பு இல்லாவிடில் நஷ்டத்தை மெய்ப்பித்தல் அரிது.

3. சாம்பலோ எண்ணெயோ காணப்படின், நாள், நேரம், இடம், ஏற்றமா வற்றமா என்னும் விவரங்களுடன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் மீன்வளத் துறைக்கும் அன்றே எழுதுக. நீரோடு அடிச்சேற்றையும் சோதிக்குமாறு கோருக. நீர் ஓடிவிடும், சேறு தங்கி நிற்கும்.

4. கண்டல் மரங்கள் நிற்கும் கழிநிலங்களைத் தூர்க்க இடங்கொடுத்தலாகாது. குஞ்சுகளுக்கு நிழலும் இரையும் அளிப்பவை அவையே.

விதைநெல்லை உண்டுவிட்ட குடும்பம் அடுத்த போகத்தில் படும் துன்பத்தை விவசாயிகள் அறிவர். கழிமுகத்தின் குஞ்சுகளும் அத்தகைய விதையே எனக் கருதிப் பாதுகாத்தல் ஆற்றங்கரைக் கிராமத்தார் யாவரின் கடமையாகும்.